பிள்ளைகளின் கையில் எந்தப் படக்கதை?

செஞ்சியில் பிறந்து, செஞ்சிக் கோட்டையின் நிழலிலேயே வளர்ந்து முதுமை எய்தியவன் நான். சென்னையிலிருக்கும் என் மகள், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தன் எட்டு வயது மகனை என் பொறுப்பில் விட்டுவிடுவாள். பேரனுக்கு ஒரு குறை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு பத்தியை முடிப்பதற்குள் முகம் வாடிவிடும். "பாடப் புத்தகத்தையே படிக்காதவனுக்குப் பொம்மைப் புத்தகம் ஒரு கேடா?" என்று கூறி, வீட்டிலிருந்த படக்கதைகளையெல்லாம் மருமகன் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1972ஆம் ஆண்டு, நான் சிறுவனாக இருந்தபோது, 'இரும்புக்கை மாயாவி'யைக் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்ததற்காக என் அத்தாவிடம் அடி வாங்கியவன்தானே நான்!

சென்ற விடுமுறையில் பேரனைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். போகும் வழியில் ஒரு புத்தகக் கடையில், தேசிங்கு ராஜன் கதையைப் படங்களுடன் கூறும் மெல்லிய நூல் ஒன்றை அவன் விரும்பிக் கேட்டான். உள்ளே புரட்டிப் பாராமலேயே வாங்கிக் கொடுத்தேன். ராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன், சட்டென்று நிமிர்ந்து கேட்டான்:

"நன்னா, இவங்க எல்லாரும் நம்ம மாதிரியே தொப்பி போட்டிருக்காங்களே, நாம கெட்டவங்களா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நவாபின் படைவீரர்கள் இருபது பேருக்கும் ஒரே முகம். சிவந்த கண்கள், அடர்ந்த தாடி, இளித்த பற்கள். தலையில், நாம் தொழுகைக்கு அணியும் வெள்ளைத் தொப்பி! பதினெட்டாம் நூற்றாண்டுப் படைவீரன் தலைப்பாகையோ இரும்புக் கவசமோ அணிந்திருப்பான். ஓவியர் அதைத் தேடிப் பார்க்கவில்லை. இன்றைய முஸ்லிமின் தொப்பியை எடுத்து அன்றைய பகைவனின் தலையில் வைத்துவிட்டார். எழுத்தில் அவ்வாறு ஒரு வரிகூட இல்லை. ஆயினும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் பேரன் படத்தைக் கூட்டாமலேயே படித்துவிட்டான்.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. படக்கதையைப் பூட்டி வைப்பதும் தவறு. புரட்டிப் பாராமல் வாங்கிக் கொடுப்பதும் தவறு. தேர்ந்து கொடுப்பதே பெரியோர் கடன். அதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

படம் பார்ப்பதும் படிப்பே

படக்கதை சோம்பேறிகளின் படிப்பு என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. ஒரு பக்கத்தில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதற் கட்டத்தில் சிறுவன் மரத்தில் ஏறுகிறான். அடுத்த கட்டத்தில் கையில் கட்டுடன் பாயில் படுத்திருக்கிறான். அவன் விழுந்ததை யாரும் வரையவில்லை, யாரும் எழுதவுமில்லை. இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் அந்த வீழ்ச்சியைக் கண்டுகொள்வது குழந்தையின் அறிவே. காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்கும் பயிற்சி அங்கே நடைபெறுகிறது.

பேச்சுக் குமிழின் வால் யாரை நோக்குகிறது, மேகம் போன்ற குமிழ் ஏன் எண்ணத்தைக் குறிக்கிறது, முதலில் எந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும் என்பனவெல்லாம் குழந்தை கற்றுக்கொள்ளும் இலக்கணங்களே. ஜப்பானியப் படக்கதைகள் வலப்புறமிருந்து இடப்புறமாகச் செல்லும். மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டு தடுமாறலாம். மக்தபில் அரபு எழுத்தைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கோ அது பழகிய பாதையாயிற்றே!

படிக்கத் தயங்கும் குழந்தைக்கு நீண்ட பத்தி ஒரு செங்குத்துப் பாறை. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. படிக்கட்டுகள் இருப்பதால்தானே என்னைப் போன்ற கிழவனும் அதில் ஏற முடிகிறது? தயங்கும் பிள்ளைக்குப் படங்களே அந்தப் படிக்கட்டுகள்.

நம் மரபில் படநூல்

சிறுவர்க்கென்று படங்களுடன் அச்சான முதல் பாடநூலாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது, கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டு வெளியிட்ட நூலை. ஆனால், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, எட்டாம் நூற்றாண்டில், இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞர் நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீக வழியாக அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். அதுவே 'கலீலா வ திம்னா'. விலங்குகள் பேசுவது இளைஞரை ஈர்ப்பதற்காக என்றும், அவற்றின் உருவங்களை வண்ணங்களில் காட்டுவது மன்னர்களின் உள்ளத்தை மகிழ்விப்பதற்காக என்றும் அவர் தம் முன்னுரையிலேயே விளக்கியிருக்கிறார். படத்தின் பயனை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்றன்றோ! அல்ஜஸரீ 1206ஆம் ஆண்டு முடித்த பொறியியல் நூலும், பக்தாதில் 1237ஆம் ஆண்டு அல்வாஸித்தீ படங்கள் தீட்டிய ஹரீரியின் 'மகாமாத்' சுவடியும் உலகப் புகழ் பெற்றவை.

"உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா?" என்று சகோதரிகள் சிலர் கேட்பார்கள். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், இறக்கை வைத்த குதிரைப் பொம்மையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. குழந்தையின் உலகம் தனி உலகம் என்பது இதனால் விளங்கும். ஆனால் ஒன்றில் ஐயமே வேண்டா. நபிமார்களுக்கு உருவம் கற்பித்து வரைந்த நூல்கள், எவ்வளவு நல்ல எண்ணத்துடன் வெளியிடப்பட்டவையாயினும், நம் வீட்டுக்கு ஏற்றவையல்ல. நபிமார் வரலாற்றை, ஊரையும் ஒட்டகத்தையும் பாலைவனத்தையும் மட்டும் வரைந்து கூறும் நூல்கள் உள்ளன. அவற்றை நாடலாம்.

தமிழில் வளர்ந்த கதை

நம் ஊர்ச் சந்தைகளில் 'பெரிய எழுத்து' நூல்கள் விற்ற காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தேசிங்கு ராஜன் கதையும் அந்த வரிசையில் ஒன்று. மங்கிய தாளில் மரக்கட்டை அச்சுப் படங்களோடு வந்த அந்நூல்களே எளிய மக்களின் முதற் படநூல்கள் எனலாம். 1947ஆம் ஆண்டு 'அம்புலிமாமா' தோன்றிப் பல தலைமுறைகளை வளர்த்தது. 1967ஆம் ஆண்டு அனந்த் பை 'அமர் சித்திரக் கதை'யைத் தொடங்கினார். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984ஆம் ஆண்டு லயன் காமிக்ஸும் வந்தன. அதே 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005ஆம் ஆண்டு நின்றுபோயிற்று.

இவற்றால் தமிழ் படிக்கக் கற்றவர்கள் எண்ணற்றோர். ஆயினும் எல்லாம் எல்லா வயதினருக்கும் உரியவையல்ல. ராணி காமிக்ஸில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் கதைகள் முதலில் ஆங்கிலேயப் பெரியவர்களின் நாளிதழுக்காக வரையப்பட்டவை. நம் வீடுகளில் அவை எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் வந்து சேர்ந்தன. 'படம் இருக்கிறது, எனவே சிறுவர்க்குரியது' என்னும் தவறான கணக்கே இதற்குக் காரணம்.

அமர் சித்திரக் கதையைப் பற்றியும் நடுநிலையோடு பேச வேண்டும். ஹுமாயூன், ஷேர் ஷா, சாந்த் பீபி ஆகியோரைப் போற்றும் நூல்கள் அவ்வரிசையில் உண்டு. அதே வரிசையின் வேறு சில நூல்களில் முஸ்லிம்கள் கொடியவர்களாகவே காட்டப்படுவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே, வெளியீட்டாளரின் பெயரைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டா, ஒதுக்கவும் வேண்டா. ஒவ்வொரு நூலையும் தனித்தனியே எடை போடுங்கள்.

வயதுக்கேற்ற தேர்வு

மூன்று வயது வரை: கிழியாத கெட்டி அட்டை நூல். பக்கத்துக்கு ஒரு படம் போதும். பூனை, குடை, நிலா என்று குழந்தை தொட்டுக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும்.

மூன்று முதல் ஆறு வரை: பக்கத்துக்கு ஓரிரு வரிகள். சொன்னதே திரும்பத் திரும்ப வரும் கதை நல்லது. ஏனெனில் மூன்றாம் பக்கத்திலேயே குழந்தை நம்மை முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கிவிடும். எழுத்தில் இல்லாத ஒன்று படத்தில் ஒளிந்திருந்தால் இன்னும் நன்று.

ஆறு முதல் ஒன்பது வரை: சிறு சிறு கட்டங்களும் குமிழ்களும் கொண்ட கதைகள். பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு கட்டங்கள் இருந்தால் போதும். எழுத்து நெருக்கமாக இருந்தால் வேண்டா. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால் அந்த நூல் சில மாதம் காத்திருக்கட்டும். அல்லது நீங்கள் உடனிருந்து படித்துக் காட்டுங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: வரலாறு, அறிவியல், பயணம் பற்றிய நீண்ட படக்கதைகள்.

அதற்கு மேல்: கிராஃபிக் நாவல் எனப்படும் சித்திர நாவல்கள். ஆர்ட் ஸ்பீகல்மன் தம் யூதக் குடும்பம் நாஜிகளிடம் பட்ட துன்பத்தை வரைந்த 'மௌஸ்' நூலுக்கு 1992ஆம் ஆண்டு புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஜோ சாக்கோ பாலஸ்தீன மக்களிடையே சென்று கண்டவற்றை 1990களில் 'பாலஸ்தீன்' என்னும் பெயரில் படக்கதையாக்கினார். ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி தம் இளமைக் காலத்தைப் படக்கதையாக வரைந்தார். இவை ஆழமானவை. சிறை, சித்திரவதை, போர், மரணம் ஆகியவை இவற்றில் உண்டு. பதின்ம வயதின் பிற்பகுதியில், முதலில் பெற்றோர் முழுமையாகப் படித்துப் பார்த்து, பிறகு பிள்ளையுடன் அமர்ந்து பேச வேண்டிய நூல்கள் இவை.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

ஒன்று: எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். கதை ஓரளவு விளங்குகிறதா? விளங்கினால் ஓவியர் தம் வேலையைச் செய்திருக்கிறார்.

இரண்டு: தீயவர் எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே உடை, ஒரே முகம் கொடுக்கப்பட்டிருக்கிறதா? கறுத்தவன் அடியாள், தாடிக்காரன் கொடியவன், குண்டானவன் கோமாளி என்று வரைந்திருந்தால் அந்த நூலை அங்கேயே வைத்துவிடுங்கள். இது நமக்காக மட்டும் கேட்கும் நியாயமன்று. பிற சமயத்தாரை இழிவாகக் காட்டும் நூலையும் இதே கண்ணோடு ஒதுக்குவதே நேர்மை.

மூன்று: பெண்கள் என்ன செய்கிறார்கள்? கதை முழுவதும் அழுவதும் சமைப்பதுமாக இருக்கிறார்களா? அல்லது சிந்திக்கிறார்களா, பேசுகிறார்களா, முடிவெடுக்கிறார்களா?

நான்கு: தமிழ் எப்படி இருக்கிறது? ஒரு பக்கத்தை உரக்கப் படியுங்கள். நாக்கு இடறினால் அது அவசர மொழிபெயர்ப்பு. எழுத்துப் பிழை மலிந்த நூல் குழந்தைக்குப் பிழையையே கற்பிக்கும்.

ஐந்து: முடிவு எதனால் வருகிறது? அடிதடியாலா, அறிவாலா, அன்பாலா? வீரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீழ்ந்தவனுக்கும் ஒரு வீடு உண்டு, ஒரு தாய் உண்டு என்பதைக் காட்டும் கதையே உயர்ந்தது.

எங்கே கிடைக்கும்?

விலை அதிகம் என்று மலைக்க வேண்டா. 1957ஆம் ஆண்டு தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், சிறுவர் நூல்களைக் குறைந்த விலையில் தமிழில் வெளியிட்டு வருகிறது. சென்னையின் தாரா, துலிகா ஆகிய பதிப்பகங்கள் 1990களிலிருந்து அழகிய படநூல்களைத் தருகின்றன. நாட்டுப் பிரிவினையின்போது பிரிய நேர்ந்த முகுந்த், ரியாஸ் என்னும் கராச்சிச் சிறுவர் இருவரின் நட்பைக் கூறும் நீனா சப்னானியின் நூல் துலிகா வெளியீடு. துணிகளை ஒட்டித் தைத்தாற்போன்ற அதன் படங்கள் மனத்தை விட்டு அகலா. நீளமாகப் போய்விட்ட பெருநாள் காற்சட்டையைக் குறைக்கப் போய் நகைப்புக்கிடமான துருக்கி நாட்டுக் கதையும் அதே பதிப்பகத்தில் படநூலாக வந்துள்ளது. பிரதம் புக்ஸ் நிறுவனம் தன் நூல்களில் படிப்பு நிலையை எண்ணிட்டுக் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவும் படிக்கத் தருகிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அளித்துள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் நூலகத்தில் சிறிய தொகைக்கு உறுப்பினராகலாம். பெருநாளைக்குப் புத்தாடை எடுக்கும்போது, பிள்ளைக்கு ஒரு நூலும் வாங்குவது என்று ஒவ்வொரு வீடும் முடிவு செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. உடன் அமர வேண்டும். "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்னும் இரண்டு கேள்விகள் போதும். குழந்தை பேசத் தொடங்கிவிடும்.

கோட்டையில் கிடைத்த விடை

என் பேரனின் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றேன். 1717-18இல், வெற்றியின் நினைவாக நவாப் எழுப்பிய பள்ளி அது. அங்கே அமர்ந்து கதையை முழுமையாகச் சொன்னேன்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு, வடநாட்டிலிருந்து வந்த ராஜபுத்திரன். அவன் தந்தை சொரூப்சிங், முகலாயர் ஆட்சியில் செஞ்சிக்கு அமர்த்தப்பட்டவர். 1714இல் நடந்த சண்டை கப்பப் பாக்கியால் வந்தது, சமயத்தால் வந்ததன்று. நவாபின் தரப்பில் இந்துப் பாளையக்காரர்களும் நின்றார்கள். தேசிங்கின் தரப்பில் அவன் உயிர்த்தோழன் மகபத்கான் நின்றான். மக்கள் பாடும் கதையில், அவன் தன் திருமணத்தையே விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர் துறக்கிறான். அந்தத் தோழனுக்கு நாங்கள் வாங்கிய நூலில் ஒரேயொரு கட்டம்தான். அதிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்!

பேரன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க இருந்தாங்க, ரெண்டு பக்கமும் அவங்க ஆளுங்களும் இருந்தாங்க. அப்படித்தானே நன்னா?" என்றான். ஆம், அப்படித்தான். வரலாற்று ஆசிரியர்கள் பல பக்கங்களில் எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

வீடு திரும்பியதும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த நூலின் கடைசி வெற்றுப் பக்கத்தில் இரண்டு குதிரைகளை வரைந்தான். நாய்களைப் போலத்தான் இருந்தன! மேலே இருவர். ஒருவனுக்குத் தலைப்பாகை, மற்றவனுக்கும் தலைப்பாகை. ஒரு குமிழ் வரைந்து, அதற்குள் தானே எழுத்துக் கூட்டி எழுதினான்: 'நன்பா நானும் வரேன்.' யாரும் சொல்லாமல் அவன் எழுதிய முதல் வாக்கியம் அது. 'நண்பா' என்பதிலிருந்த பிழையை நான் அன்று திருத்தவில்லை.

மறுவாரம் அழைத்துச் செல்ல வந்த மருமகனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போனதும் அலமாரியைத் திறந்துவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்!

2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ, மராத்திய ராணுவ நிலக்காட்சிகள் என்னும் பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இனி இக்கோட்டையைப் பற்றிச் சிறுவர்க்கான படநூல்கள் மேலும் வரக்கூடும். நம் பிள்ளைகளும் வாங்குவார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வாங்குவார்கள். அந்தப் பக்கங்களில் இரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பகைவராகக் காணப்போகிறார்களா, தோழராகக் காணப்போகிறார்களா என்பது வரைபவர் கையில் பாதி. வாங்கிக் கொடுக்கும் நம் கையில் மீதி.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே! அடுத்த முறை பிள்ளைக்குப் படக்கதை வாங்கும்போது, பணத்தை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் அந்த நூலைப் புரட்டிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் நான் செலவிட்டிருந்தால், என் பேரன் அப்படியொரு கேள்வியைக் கேட்க நேர்ந்திராது.